ரிட்டர்ன் கிஃப்டாக உயிரைக் கொடுக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர் வீட்டுக் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். மண்டபம், பலூன், கேக், பிரியாணி, எதிலும் குறையில்லை. கிளம்பும்போது வாசலில் ஒரு மேசை. அதில் வரிசையாக முப்பது நாற்பது பிளாஸ்டிக் டப்பாக்கள், ஊறுகாய் டப்பா அளவில். ஒவ்வொன்றிலும் ஒரு ஃபைட்டர் மீன். ரிட்டர்ன் கிஃப்டாம்!

என் பேரனும் ஒன்றைத் தூக்கிக்கொண்டான். நான் வாங்கித் திரும்ப மேசையில் வைத்துவிட்டேன். பையன் ஒரே அழுகை. "என்ன மாமா, சின்ன மீனுக்குப் போய் இவ்வளவு யோசிக்கிறீங்க?" என்றார் குழந்தையின் அப்பா. விசேஷ வீட்டில் வாத்தியார் வேலை எதற்கு என்று அங்கே வாயை மூடிக்கொண்டேன். இங்கே சொல்கிறேன். அவரும் இதைப் படிப்பார். வருத்தப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும்.

ஊருக்கு உபதேசம் செய்யும் முன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்த காலத்தில் என் வகுப்பறை மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தேன். சொந்தக் காசு. ஆறு கோல்டு ஃபிஷ். "தண்ணி ஊத்துங்க, மீனை விடுங்க, வாரம் ஒருக்கா எல்லாத்தையும் கொட்டிக் கழுவுங்க" என்றார் கடைக்காரர். அப்படியே செய்தேன். பத்து நாளில் ஆறும் மிதந்தன. மறுபடி வாங்கினேன். மறுபடி மிதந்தன. பிள்ளைகள் வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார்கள். ஒரு பெண் கேட்டாள்: "நாமதான் தினமும் சாப்பாடு போட்டோமே சார், அப்புறம் ஏன் செத்துச்சு?" ஏதோ சீக்கு என்று சொல்லிச் சமாளித்தேன்.

சீக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. கொன்றது நான்தான். அதுவும் நைட்ரஜன் சுழற்சியை வருடா வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வரைந்த இதே கை. அவரைச் செடியின் வேர்முடிச்சைப் பிடுங்கிக் காட்டினேனே தவிர, பக்கத்திலிருந்த தொட்டியில் அதே பாடம் நடக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு பேரனுக்காக உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது.

விஷயம் இதுதான். மீன் விடும் கழிவு, செவுள் வழியாக வெளியேறுவது, தின்னாமல் மிச்சம் விட்ட தீனி எல்லாம் தண்ணீரில் அம்மோனியா ஆகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அளவோடு இருந்தால் மீன் தாங்கும். இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் அவை இல்லை. அன்றைக்கே மீனை விட்டால் அது தன் கழிவிலேயே வேகும். வாரம் ஒருமுறை பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கசக்கினால், குளோரின் பட்டு, வந்த பாக்டீரியாவும் போச்சு. நம் சுத்தம்தான் அதற்கு எமன்.

ஃபைட்டருக்கு மட்டும் ஒரு தனி வதந்தி. "அது சின்ன டப்பாவிலேயே வாழும் சார்!" தலையில் லாபிரிந்த் என்ற உறுப்பு இருப்பதால் அது மேலே வந்து காற்றைக் குடிக்கும். அதனால் மற்ற மீன் சாகிற தண்ணீரில் இது சாகத் தாமதமாகும். அவ்வளவுதான். தாமதமாகச் சாவதற்குப் பெயர் வாழ்வதா? தாய்லாந்துப் பக்கத்து வயலும் சதுப்பும் அதன் பூர்வீகம். தண்ணீர் அங்கே ஆழமில்லைதான். ஆனால் பரப்பு எவ்வளவு! வீட்டில் பதினைந்து இருபது லிட்டராவது கொடுங்கள்.

"நீங்க வஞ்சிரம் வறுவல் சாப்பிடறவர்தானே?" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். சாப்பிடுகிறேன். வஞ்சிரத்தை நான் டப்பாவில் அடைத்து, டிவி மேல் வைத்து, பத்து நாள் மூச்சுத் திணற விட்டு, குழந்தைக்கு வேடிக்கை காட்டவில்லை.

இன்னொரு கேள்விக்கு மரியாதையாகவே பதில் சொல்ல வேண்டும்: இதை நம்பிப் பிழைக்கிறவர்கள்? சென்னை கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீன் தொழிலில் எத்தனையோ குடும்பங்கள் சோறு தின்கின்றன. போய்ப் பார்த்திருக்கிறேன். குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்க அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். மீன் வளர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்காதீர்கள், வாங்காதீர்கள் என்கிறேன். மீன் பிழைத்தால் அந்த வாடிக்கையாளர் தீனிக்கும் செடிக்கும் வருடக்கணக்கில் கடைக்கு வருவார். செத்தால் மூன்றாம் மாதம் தொட்டி மொட்டை மாடிக்குப் போகும், அதில் வெங்காயம் கொட்டி வைப்பார்கள். எது வியாபாரம்?

வளர்க்க முடியாதவர்கள் செய்யும் "புண்ணியம்" அதைவிட மோசம். ஏரியில் கொண்டு போய் விடுகிறார்கள். தொட்டி சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கும் சக்கர் மீன் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. விரல் நீளத்தில் வாங்குவீர்கள், ஒரு அடிக்கு மேல் வளரும். ஏரியில் விட்டால் அங்கே பெருகி நம் ஊர் மீனின் இடத்தைப் பிடிக்கிறது, அதன் முள் மீனவர் வலையைக் கிழிக்கிறது, விலைக்கும் போகாது. வேண்டாமென்றால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

அந்த மேசையில் மிச்சமிருந்த டப்பாக்களை என்ன செய்தீர்கள் என்று நேற்று போன் போட்டுக் கேட்டேன். பால்கனியில் இருக்கிறதாம். பதினொன்று இருந்ததில் நாலு போய்விட்டதாம். மீதி ஏழையும் இன்று மாலை எடுத்துவர ஆட்டோ பிடித்துப் போகிறேன். ஃபைட்டர் ஆணையும் ஆணையும் ஒன்றாக விட முடியாது, கடித்துக் கொன்றுவிடும். ஏழுக்கும் ஏழு இடம் வேண்டும். என் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி மூன்றுதான், அதில் ஒன்றில் ஏற்கெனவே மீன் இருக்கிறது. ஓடிப் பழகிய ஃபில்டரோடு தொட்டி சும்மா வைத்திருப்பவர்கள் நம் ஊரில் யாராவது இருந்தால் இன்றே கமெண்டில் சொல்லுங்கள். ஆளுக்கு ஒன்று போதும்.