திறக்க முடிந்த வண்டி

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தெருவில் நிறுத்திப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் யாராவது வந்து சொல்லிவிடுவார்: “அந்தக் காலத்து வண்டி சார். இப்ப எவன் இந்த மாதிரி செய்யறான்?” சொல்பவரின் பிரியத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வாக்கியம் தப்பு. வெறும் தப்பு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அது நம்மைத் தவறான ஒன்றுக்காக ஏங்க வைக்கிறது, கேட்க வேண்டியதைக் கேட்க விடாமல் செய்கிறது. அதனால்தான் இதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறேன்.

முதலில் தரம். டிரையம்ப், பிஎஸ்ஏ, நார்டன் எஞ்சின்களை வீட்டில் பிரித்துப் போட்டவர் யாரும் அந்தக் காலத்துத் தரத்தைப் பற்றி நீளமாகப் பேசமாட்டார். அவற்றின் கிராங்க் கேஸ் நேர்செங்குத்தாக இரண்டாகப் பிளந்து செய்யப்பட்டது. உள்ளே ஏறி இறங்கும் காற்றழுத்தம் அந்த இணைப்புகளின் வழியே ஆயிலை வெளியே தள்ளும். ஆயில் ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம் என்பது இந்த வண்டிக்காரர்களின் பழைய ஜோக். நார்டன் கமாண்டோவைச் சில வாரம் ஓட்டாமல் நிறுத்தினால் ஆயில் டாங்கில் இருக்க வேண்டியது பம்ப் வழியே மெல்ல இறங்கி எஞ்சினின் அடியில் தேங்கிவிடும். மின்சார பாகங்களைச் செய்த லூகாஸ் கம்பெனிக்கு இங்கிலாந்திலேயே ‘இருளின் இளவரசன்’ என்று பட்டப்பெயர். ராத்திரியில் ஹெட்லைட் அணைந்து வீடு திரும்பியவர்கள் வைத்த பெயர்.

இதெல்லாம் நிர்வாகத்துக்குத் தெரியாமல் நடந்ததும் இல்லை. டிரையம்பின் தலைமை வடிவமைப்பாளர் எட்வர்ட் டர்னர் 1960-இல் ஜப்பான் போய் ஹோண்டா, யமஹா, சுசூகி தொழிற்சாலைகளைப் பார்த்துவிட்டு அறிக்கையே எழுதினார். அதன் பிறகும் பிரிட்டிஷ் கம்பெனிகள் பழைய தடத்திலேயே ஓடின. 1959-இல் சந்தைக்கு வந்த போனவில்லின் எஞ்சின், டர்னரே 1937-இல் வரைந்த ஸ்பீட் ட்வினின் வம்சம். பத்து வருடம் கழித்து, 1969-இல், ஹோண்டா சிபி750 வந்தது: நான்கு சிலிண்டர், செல்ஃப் ஸ்டார்ட், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். 1973-இல் பிஎஸ்ஏ முடிந்துபோனது. டிரையம்பின் மெரிடன் தொழிற்சாலையைத் தொழிலாளர்களே கூட்டுறவாக எடுத்து நடத்தினார்கள். அதுவும் 1983-இல் மூடப்பட்டது.

சரி, அவ்வளவு மோசம் என்றால் அந்த வண்டிகள் இன்னும் எப்படி ஓடுகின்றன?

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஒரு கேள்வி உண்டு: இந்த டீமில் யார் நாளைக்கு பஸ்ஸில் அடிபட்டால் வேலை நின்றுபோகும்? விஷயம் எத்தனை பேர் தலைக்குள் இருக்கிறது என்பதற்கான அளவுகோல் அது. பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் விஷயத்தில் தொழிற்சாலையே பஸ்ஸில் அடிபட்டது. வண்டி நிற்கவில்லை. ஏனென்றால் அதைச் சரிசெய்வதற்கான அறிவு தொழிற்சாலையின் சுவருக்குள் பூட்டி வைக்கப்படவில்லை.

அந்த அறிவு எங்கே இருந்தது? ஒர்க்‌ஷாப் மேனுவலில் இருந்தது. ஒவ்வொரு வாஷருக்கும் எண் போட்டு, எது எதன்மேல் உட்காரும் என்று படம் வரைந்த பாகப் பட்டியலில் இருந்தது. போல்ட்டின் மரையில்கூட இருந்தது. ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரை அளவு இங்கிலாந்தின் பொதுச்சொத்தாக ஆனது. அந்த ஸ்பானரில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் தண்டு விட்டத்தைக் குறிக்கும், தலையின் அகலத்தை அல்ல. இது தெரியாமல் நம் மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுத் திருகினால் போல்ட்டின் தலை மழுங்கிப் போகும். ஆனால் தெரிந்துகொள்ள யார் அனுமதியும் தேவையில்லை. அளவு பகிரங்கமானது, எந்த லேத் பட்டறையிலும் அந்த மரையைக் கடைந்துவிடலாம்.

டிரையம்ப் ட்வின் எஞ்சினின் கிராங்கைப் பாருங்கள். அதற்குள் ஒரு குழாய் இருக்கிறது. ஆயிலில் வரும் அழுக்கை, கிராங்க் சுழலும் வேகத்திலேயே ஒதுக்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொறி. அது நிரம்பினால் பிக் எண்ட் பேரிங்குக்குப் போகும் ஆயில் வழி அடைபடும். எஞ்சினைப் பிரித்த எவரும் அதைச் சுத்தம் செய்யாமல் மூடக்கூடாது. அதன் மூடியைப் பஞ்ச் வைத்து அடித்து இறுக்கியிருப்பார்கள். அந்தக் குத்தை டிரில் செய்து எடுத்து, சூடு காட்டித்தான் கழற்ற வேண்டும். நல்ல வடிவமைப்பா? நான் சொல்லமாட்டேன். ஆனால் எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது, எப்படிக் கழற்றுவது எல்லாம் ஒரு சாதாரண ஆளுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. லண்டனில் ஒரு ஷெட்டில் அதைச் செய்பவருக்கும் கோயம்புத்தூரில் மொட்டைமாடிக் கொட்டகையில் செய்பவருக்கும் வித்தியாசமில்லை.

நம் ஊர் சாட்சி இதைவிடப் பெரியது. 1955-இல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கி, ரெட்டிச்சில் பிறந்த புல்லட்டைத் திருவொற்றியூரில் செய்ய ஆரம்பித்தார்கள். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன. பிறகு வரைபடங்களும் அச்சுகளும் இங்கே வந்து, எல்லாமே இங்கேயே தயாரானது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்ட் மூடியாயிற்று. 1977-இல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. தாய்வீடு இடிந்த பிறகு மகள் சீர் கொண்டுபோன கதை. அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். எஞ்சின் ஆறியிருக்கும்போது புஷ்ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இதைத் தெரிந்த மெக்கானிக் தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒருவர் இருந்தார். அவரிடம் எந்தக் கம்பெனியும் லைசென்ஸ் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நம் ஆட்களிடமே, ரெஸ்டோரேஷன் பிரியர்களிடமே, ஒரு வழக்கு இருக்கிறது. ஐம்பது வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற ஒரிஜினல் பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றுகூட இருந்திராத பளபளப்பில் குரோம் பூசி, ஆயிலை வடித்து, ஹாலில் சோபாவுக்கு எதிரே நிறுத்துகிறார்கள். துருப்பிடித்து ஓட்டையான மட்கார்டை மாற்றத்தான் வேண்டும், அதில் தகராறில்லை. ஆனால் தேய்ந்த பெயிண்ட் ஒரு ஆவணம். எந்த முட்டி எங்கே உரசியது, யார் எங்கே எந்த போல்ட்டை மாற்றினார்கள் என்று அது சொல்லும். ஓடாமல் நிற்கும் எஞ்சினில் சீல்கள் காயும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும். வண்டி விலை ஏறுகிறது, ஓட்டத்தெரிந்தவர் எண்ணிக்கை குறைகிறது. பராமரிப்பு என்பது தினசரி வேலை. ரெஸ்டோரேஷன் ஒருமுறை எடுக்கும் விழா. விழாவை மட்டும் கொண்டாடுகிறவர்கள்தான் ‘அந்தக் காலத்துத் தரம்’ என்ற பொய்யை வளர்க்கிறார்கள்.

மறுபக்கம் ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. பழைய வண்டி புகை கக்கும், டிரம் பிரேக்கை நம்பி இன்றைய சாலையில் போகமுடியாது, பாயிண்டைத் தேய்த்துக்கொண்டு உட்கார யாருக்கு நேரம்? எல்லாம் சரி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்து கார்புரேட்டர் வழக்கொழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. நுரையீரல் எல்லோருக்கும் ஒன்றுதான். எலக்ட்ரானிக்ஸ் வந்ததில் எனக்குப் பிரச்சினை இல்லை, அதைப் பூட்டி வைத்ததில்தான் பிரச்சினை. நண்பர் ஒருவரின் வண்டியில் ஏபிஎஸ் சென்சார் போனது. அதை மாற்றத் தெரிந்த, முப்பது வருட அனுபவமுள்ள மெக்கானிக் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். மாற்றியும் கொடுத்தார். எச்சரிக்கை விளக்கு மட்டும் அணையவில்லை. பிழைக் குறியை அழிக்கும் கருவி அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில்தான் இருக்கிறதாம். விளக்கை அணைக்க ஒரு நாள் லீவு, தனிக் கட்டணம். தன் தொழிலில் தேர்ந்த ஒருவரை இப்படிக் கையைக் கட்டி நிற்க வைப்பதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மென்பொருள் எழுதுபவனாகச் சொல்கிறேன், பிழைக் குறிகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவது தொழில்நுட்பரீதியாகச் சிரமமே இல்லை. பூட்டுவது வியாபார முடிவு. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. வாகனங்களும் அதன் வரம்பில் இருந்தன. அதே வருடம் டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தார்கள். ஆனால் தகவலைக் கொடுத்தே தீரவேண்டும் என்று சொல்லும் சட்டம் வரவில்லை. கொடுத்தால் நல்லது என்ற அளவிலேயே நிற்கிறது.

இன்று பழைய பிரிட்டிஷ் பெயர்களில் பல இந்தியக் கைகளில் இருக்கின்றன. ராயல் என்ஃபீல்ட் ஐஷரிடம். நார்டன் 2020 முதல் டிவிஎஸ்ஸிடம். பிஎஸ்ஏ பெயர் மஹிந்திரா குழுமத்து கிளாசிக் லெஜெண்ட்ஸிடம். விளம்பரங்களில் பாரம்பரியம் என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. பாரம்பரியம் டாங்கில் ஒட்டிய எழுத்தில் இல்லை. யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்க முடிந்த மேனுவலில் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் இவர்கள் வாங்கியிருக்க வேண்டும்.

ஆகவே அடுத்த முறை ஷோரூமுக்குப் போகும்போது மைலேஜ் கேட்ட பிறகு இந்த மூன்றையும் கேளுங்கள். சர்வீஸ் மேனுவல் விலைக்குக் கிடைக்குமா? ஸ்பேர் பாகத்தை என் மெக்கானிக் நேரடியாக வாங்கமுடியுமா? பிழைக் குறியை உங்களிடம் வராமல் படித்து அழிக்கமுடியுமா? விற்பனைப் பையன் முழிப்பான், பாவம், அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவரும் முழித்தால் எழுத்தில் பதில் கேளுங்கள்.