உடம்புக்குள்ளே யார் கூட்டுகிறார்?

அன்புக் குழந்தைகளே,



இந்த மாதம் மாமாவுக்கு வந்த கடிதங்களில் ஒன்று மனத்தை என்னவோ செய்துவிட்டது. எழுதியவள் நான்காம் ஆண்டில் படிக்கும் சிறுமி. தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். ஆகவே, பெயரை விட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவளுடைய பாட்டி இளம் வயதிலிருந்து பால்மரம் வெட்டியவர். சில மாதங்களாகப் பாட்டியின் வலது கை நடுங்குகிறது. தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் பாதி கீழே சிந்திவிடுகிறது. வீடு தேடி வந்த ஒருவர், "உங்கள் உடம்பில் இத்தனை வருடக் குப்பை சேர்ந்திருக்கிறது, அம்மா. அதைக் கழுவினால் கை சரியாகிவிடும்" என்று சொல்லி, ஒரு பொட்டலம் தூளை அறுபது வெள்ளிக்கு விற்றுவிட்டுப் போனாராம். இரவுச் சாப்பாட்டையும் நிறுத்தச் சொன்னாராம். பாட்டிக்கு இனிப்பு நீர் வேறு இருக்கிறது. இதையெல்லாம் பார்த்த நம் சிறுமி, தன் உடம்பிலும் குப்பை சேரக்கூடாது என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமலே பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள்!

கடிதத்தின் கடைசியில் அவள் கேட்ட கேள்வி இதுதான்: "மாமா, உடம்புக்குள்ளே நிஜமாகவே குப்பை சேருமா? சேர்ந்தால் யார் கூட்டுவார்கள்?"

நல்ல கேள்வி. பெரியவர்கள் கேட்க மறந்த கேள்வி. வாருங்கள், பார்ப்போம்.

ஒட்டுப்பால் கதை

நம் உடம்பு செங்கல் செங்கலாகக் கட்டிய வீடு போன்றது. அந்தச் செங்கல்லுக்கு உயிரணு என்று பெயர். செல் என்றும் சொல்வார்கள். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்கள் உண்டு. நோட்டுப் புத்தகத்தில் 3 என்று எழுதி, பின்னால் 13 சுழியங்கள் போட்டுப் பாருங்கள். அவ்வளவு!

ஒவ்வோர் உயிரணுவும் ஒரு குட்டித் தொழிற்சாலை. உள்ளே இயந்திரங்கள் உண்டு. அவை இரவும் பகலும் ஓடுகின்றன. ஓடும் இயந்திரம் தேயும், உடையும். ஆகவே குப்பை சேருவது உண்மைதான். அந்தத் தூள் விற்றவர் அதில் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குப்பையை என்ன செய்கிறது உயிரணு? அங்கேதான் வேடிக்கை இருக்கிறது.

மாமா சிறுவனாக இருந்தபோது அம்மாவுடன் மரம் வெட்டும் காட்டுக்குப் போவதுண்டு. இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆகவே, தெரியாதவர்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். மரத்தை வெட்டினால் பால் வழிந்து மங்கில் விழும். பாலை எடுத்த பிறகும் வெட்டிய கோட்டில் கொஞ்சம் பால் ஒட்டிக் காய்ந்திருக்கும். அதுதான் ஒட்டுப்பால். மங்கின் அடியில் உறைந்து கிடப்பது கட்டிப்பால். அம்மா அவற்றை வீசி எறிவதில்லை. ஒட்டுப்பாலை உரிப்பார்; கட்டிப்பாலைப் பிடுங்குவார்; எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கட்டுவார். அந்தச் சாக்கு ஸ்டோருக்குப் போகும். அதற்குத் தனி நிறுவை, தனிக் காசு. அங்கிருந்து ஆலைக்குப் போய், கழுவி, அரைத்து, மறுபடி நல்ல ரப்பராகிவிடும்.

பார்ப்பவர் கண்ணுக்குக் குப்பை. தோட்டத்துக்கோ அது பணம்.

உயிரணுவும் இதைத்தான் செய்கிறது!

சாக்கு எப்படி வருகிறது?

உயிரணுவுக்குள் ஒரு பொருள் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் பக்கத்தில் மெல்லிய தோல் ஒன்று தோன்றும். முதலில் பிறைநிலா மாதிரி வளைந்திருக்கும். பிறகு வளர்ந்து வளர்ந்து பழுதானதைச் சுற்றிக்கொள்ளும். கடைசியில் வாயை மூடிக்கொள்ளும். சாக்கு கட்டியாயிற்று! சில வேளைகளில் உள்ளே நுழைந்துவிட்ட நோய்க்கிருமியையும் இப்படியே பிடித்து மூட்டை கட்டிவிடும்.

இனி ஸ்டோருக்குப் போக வேண்டும். உயிரணுவின் ஸ்டோருக்கு லைசோசோம் என்று பெயர். அதுவும் ஒரு சிறு பை. உள்ளே புளித்த நீரும், பொருள்களை வெட்டித் துண்டாக்கும் நொதிகளும் இருக்கும். பால் உறைய வைக்கும் ஆசிட்டை ஸ்டோரில் தனியாகப் பத்திரப்படுத்தி வைப்பார்கள் அல்லவா? அதுபோல இவற்றையும் உயிரணு தனிப் பைக்குள் அடைத்து வைத்திருக்கிறது. வெளியே கொட்டினால் நல்லதையும் தின்றுவிடுமே!

சாக்கு வந்து இந்தப் பையோடு சேரும். உள்ளே இருப்பவை துண்டு துண்டாகும்.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். அக்காவின் அறுந்துபோன பாசிமணி மாலை இருந்தால், அவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மணிகளை ஒவ்வொன்றாக உருவுங்கள். அதே மணிகளை வேறு வரிசையில் கோத்து ஒரு கைவளையம் செய்யுங்கள். பழைய மாலை போயிற்று. புது வளையம் வந்தது. கடையில் ஒரு மணி கூட வாங்கவில்லை. நம் உடம்பில் உள்ள புரதம் என்பது இப்படிப்பட்ட மணிமாலைதான். அதில் 20 வகை மணிகள் உண்டு. பழுதான மாலையை உயிரணு உருவி, மணிகளைக் கொண்டு புதியதைக் கோக்கிறது.

பெரியவர் ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் புரதம் சுமார் 70 கிராம். ஆனால் அவருடைய உடம்பு அதே நாளில் 200 முதல் 300 கிராம் வரை புதிய புரதம் கட்டுகிறது. மிச்சம் எங்கிருந்து வந்தது? பழையதை உடைத்த மணிகள்தான்.

கண்டுபிடித்தவர்கள்

லைசோசோம் என்னும் பையைக் கண்டறிந்து 1955-இல் அதற்குப் பெயர் வைத்தவர் கிறிஸ்டியான் டி டூவ் என்ற பெல்ஜியம் நாட்டு விஞ்ஞானி. சாக்குக் கட்டும் இந்த வேலைக்கு 1963-இல் ஆட்டோஃபேஜி என்று பெயர் சூட்டியவரும் அவரே. தன்னைத் தானே தின்பது என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். 1974-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பது வெகு காலம் புரியவில்லை. 1988-இல் ஜப்பானில் யோஷினோரி ஓசுமி என்பவர் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 43. அவர் எடுத்துக்கொண்டது ஈஸ்ட். மோட்டார் சைக்கிளில் ரொட்டிக்காரர் கொண்டுவருகிறாரே, அந்த ரொட்டி மாவைப் பொங்க வைப்பது அதுதான்.

சாக்குகளோ மிகச் சிறியவை. வந்த வேகத்தில் கரைந்தும் போகும். எப்படிப் பார்ப்பது? ஓசுமி ஒரு தந்திரம் செய்தார். துண்டாக்கும் கருவிகள் இல்லாத ஈஸ்டைத் தேர்ந்தெடுத்து, அதைப் பட்டினி போட்டார். ஆலையை நிறுத்தினால் வாசலில் சாக்குகள் குவியும் அல்லவா? அதேதான் நடந்தது. சில மணி நேரத்தில் ஈஸ்டின் பை நிறையச் சின்னச் சின்ன மூட்டைகள்! சாதாரண நுண்ணோக்கியிலேயே அவற்றைப் பார்த்துவிட்டார். பிறகு, இந்த வேலைக்குத் தேவையான 15 மரபணுக்களை 1993-இல் அறிவித்தார். 2016-இல் அவருக்கும் நோபல் பரிசு வந்தது.

"பட்டினி போட்டால் வேலை நடக்கிறதே! அப்படியானால் சாப்பிடாமல் இருப்பது நல்லதுதானே?" என்று உங்களில் ஒருவர் கேட்பது மாமாவின் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். அவர் பட்டினி போட்டது ஈஸ்டை. நான்காம் ஆண்டுப் பிள்ளையை அல்ல. பட்டினி போட்டால் வேலை கூடும், உண்மை. ஆனால் பட்டினி இல்லாவிட்டாலும் அது நிற்பதில்லை. சாப்பிடும்போதும் விளையாடும்போதும் தூங்கும்போதும் அது அடக்கமாக நடந்துகொண்டே இருக்கிறது. ஓட்டம் போன்ற உடற்பயிற்சியும் இதைத் தூண்டுகிறது என்று 2012-இல் எலிகளை வைத்து விஞ்ஞானிகள் கண்டார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். பிறந்த எலிக்குட்டிக்குத் தாயின் தொப்புள்கொடி அறுந்ததும் உணவு நின்றுவிடுகிறது. பால் குடித்துப் பழகும்வரை என்ன செய்யும்? தன் உயிரணுக்களில் உள்ள பழையதை உடைத்துத்தான் சமாளிக்கிறது. அந்தச் சக்தி இல்லாமல் பிறந்த குட்டிகள் ஒரே நாளில் இறந்துபோயின. ஜப்பானிய விஞ்ஞானிகள் இதை 2004-இல் வெளியிட்டார்கள். பிறந்த அன்றே கூட்டிப் பெருக்கத் தெரிந்த உடம்புக்கு யார் பொட்டலம் கொடுத்தார்கள்?

பாட்டியின் கை

இனி, நம் சிறுமியின் பாட்டிக்கு வருவோம்.

குடலின் உள்தோலில் உள்ள உயிரணு சில நாள்தான் வாழும். இரத்தத்தின் சிவப்பணு 120 நாள் வாழும். பழையது போய்ப் புதியது வந்துவிடும். ஆனால் மூளையில் உள்ள நரம்பணுக்களில் பெரும்பாலானவை நம்மோடு பிறந்து கடைசிவரை நம்மோடு இருப்பவை. ஆள் மாற்ற முடியாத வீட்டில் தினமும் கூட்டியாக வேண்டும். எலிகளின் மூளையில் மட்டும் இந்த வேலையை நிறுத்திப் பார்த்தபோது, நரம்பணுக்களில் புரதம் கட்டி கட்டியாகச் சேர்ந்தது. எலிகளின் கால்கள் தடுமாறின. இது 2006-இல் தெரியவந்தது. பார்க்கின்சன் என்னும் நோயிலும் மூளையின் சில நரம்பணுக்களில் இப்படிக் கட்டிகள் காணப்படுகின்றன.

அப்படியானால் பாட்டிக்கு அந்த நோய்தானா? அவசரப்படக்கூடாது. கை நடுங்குவதற்குக் காரணங்கள் பல. தைராய்டு சுரப்பியால் நடுங்கலாம். சில மருந்துகளால் நடுங்கலாம். இனிப்பு நீருக்கு மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாலும் சர்க்கரை இறங்கி நடுங்கலாம். எது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். மாமாவும் இல்லை, தூள் விற்றவரும் இல்லை. அந்தத் தூள் போவது வயிற்றுக்கு. மூளையின் உயிரணுவுக்குள் துடைப்பம் எடுத்துக்கொண்டு போக அதற்கு வழி தெரியாது.

பெற்றோர்களே, இந்த இடத்தை மட்டும் நீங்கள் படியுங்கள். மலேசியாவில் மருந்தாக விற்கும் பொட்டலத்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வாங்காதீர்கள். வாங்கிவிட்டிருந்தால் பொட்டலத்தோடு அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். விரதம் இருப்பது பக்தி. அதை மாமா குறை சொல்லவில்லை. ஆனால் இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுபவரும் ஊசி போடுபவரும் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளையும் விடக்கூடாது. சர்க்கரை மிகவும் இறங்கினால் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

கண்ணு, இது உனக்கு. ராத்திரி முழுதும் நீ தூங்கும்போது வயிறு காலியாகிறது. உடம்பு சேர்த்து வைத்ததை எடுத்துச் செலவு செய்கிறது. அது போதும். நீ வளர வேண்டிய பிள்ளை. வளர்வதற்குப் புது மணிகள் வேண்டும். ஆகவே, நாளைக் காலையில் ஒரு மங்கு மைலோவும் ரெண்டு துண்டு ரொட்டியுமாவது சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போ. முட்டை இருந்தால் இன்னும் நல்லது. மாலையில் திடலில் ஓடி விளையாடு.

இன்னொரு வேலையும் உனக்கு உண்டு. இந்தப் பக்கத்தைப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டு. உயிரணு, லைசோசோம் எல்லாம் அவருக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் ஒட்டுப்பால் கதை மாமாவைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். எத்தனையோ வருடம் ஒட்டுப்பால் உரித்த கை அல்லவா அது? படித்து முடித்ததும், "பாட்டி, கிளினிக்குக்குப் போகலாமா?" என்று கேள். நீ கேட்டால் அவர் மறுக்கமாட்டார்.

டாக்டர் என்ன சொன்னார் என்று மாமாவுக்கு எழுது. காத்திருக்கிறேன்.

மற்றக் குழந்தைகளும் உங்கள் கேள்விகளை அனுப்புங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் மாமா