கையெழுத்துப் போடுமுன் யோசிம்மா!

அப்பாவுக்குக் காரியம் முடிந்த கையோடு அண்ணன் பத்திரத்தை நீட்டுகிறார். "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே, கையெழுத்துப் போடு!" வீட்டுக்கு வீடு நடக்கும் கூத்து இது.

சீர் வேறு, பங்கு வேறு! உயில் எழுதாமல் இறந்த இந்துத் தகப்பனாரின் சுயசம்பாத்தியத்தில் தாய், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. 1956-ம் வருடச் சட்டம் இது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களை அது விட்டுவிட்டது. 2005-ல் மத்திய சட்டம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது.

விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால் மீள்வது லேசல்ல.

பெரியவர்களே! பிள்ளைகளைக் கோர்ட்டு வாசலில் நிறுத்தாதீர்கள். உயிலுக்கு முத்திரைத்தாள்கூட வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதி, நீங்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டால் போதும். தெம்பு இருக்கும்போதே எழுதிவையுங்கள்!