வீடற்றோருக்குப் பகலில் ஒரு திண்ணை

கூட்டுறவு என்பது பங்குத்தொகை செலுத்தியோருக்கு மட்டுமே உரிய நலம் என்று கருதுவோர் நம்மிடையே உளர். சங்கக் கட்டடத்தின் வாயிற்படியில் படுத்துறங்கும் முதியவர் அங்கத்தினர் அல்லர்; ஆதலின் அவர் நம் கவலைக்கு உரியவரும் அல்லர் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தைச் சற்றே ஆராய்தல் வேண்டும்.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு, நாடெங்கும் சுமார் 17.7 லட்சம் பேரை வீடற்றவரெனக் கண்டது. அவருள் நகர்ப்புறத்தார் 9.38 லட்சம்; 2001-இல் இத்தொகை 7.78 லட்சமே. மற்றொரு கணக்கையும் இதனருகே வைத்துப் பார்ப்போம். நாட்டின் கைத்தறித் தொழிலாளர் தொகை 2009-10-இல் 43.31 லட்சமாக இருந்து, 2019-20-இல் 35.22 லட்சமாகக் குறைந்தது. தறியை விட்டவர் யாவரும் தெருவுக்கு வந்துவிட்டனர் என்று நாம் கூறவில்லை. பலர் விசைத்தறிக்கும், ஆலைக்கும், கட்டட வேலைக்கும் சென்று பிழைத்தனர். ஆனால் கண்பார்வை குன்றிக் கை நடுங்கத் தொடங்கிய நெசவாளிக்கு அவ்வழிகள் திறக்கவில்லை. குத்தகை நிலத்தை இழந்து பட்டணம் போன உழவனின் நிலையும் அதுவே. வாயிற்படியில் கிடப்பவர் நேற்றைய அங்கத்தினராகவும் இருக்கலாம்.

நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று வீதம், ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்கும் புகலிடங்கள் வேண்டுமென 2010-இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. அதன் பயனாகப் பெருநகரங்களில் சில புகலிடங்கள் எழுந்தன. ஆனால் ஆரணி, சென்னிமலை, சிறுமுகை, திருபுவனம் முதலிய நம் நெசவூர்கள் எவையும் ஒரு லட்சத்தை எட்டாதவை. பேருந்து நிலையத்திலும் கோயில் மதிலோரத்திலும் படுப்பவர் இவ்வூர்களிலும் உண்டு. அவர்க்குரிய புகலிடந்தான் இல்லை.

இத்தகைய ஊர்களில் சங்கங்கள் செய்யத்தக்கது யாது? பெரிய விடுதி கட்டுவது நம் சக்திக்கு மேற்பட்டது. பகற்பொழுதில் எவரும் வந்து அமரக்கூடிய ஓர் இல்லம் அமைப்பது இயலும். குளிக்கவும் துணி துவைக்கவும் நீர், பெண்களுக்குத் தனிக் கழிப்பிடம், ஒருவேளைச் சோறு, கையிலுள்ள காகிதங்களைப் பத்திரமாக வைக்கப் பூட்டுள்ள பெட்டி, மனு எழுதித்தர ஒருவர்: இவையே போதும். விவசாய அங்கத்தினரிடம் தரம் பிரித்தபின் எஞ்சும் காய்கறியும், நெசவாளரிடம் மிஞ்சும் துண்டுத் துணியும் இங்கே பயன்படும்.

பெட்டியும் மனுவும் அற்பமானவை எனத் தோன்றலாம். முதியோர் உதவித்தொகை தமிழகத்தில் 2023-இல் மாதம் ரூ.1,200 ஆக உயர்த்தப்பட்டது. ஆயின் முகவரி இல்லாதவனுக்கு அதற்கு விண்ணப்பிப்பதே பெரும்பாடு. மழையில் நனைந்தழிந்த ஓர் அட்டையை மீண்டும் பெறுவதற்குள் ஓராண்டின் தொகை போய்விடும். மனநலம் குன்றித் திரிவோரைக் காப்பில் எடுத்து மருத்துவ உதவிக்கு அழைத்துச் செல்லுதல் காவல் நிலைய அதிகாரியின் கடமையென 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதிக்கிறது. அக்கடமையை அதிகாரிக்கு நினைவூட்ட ஊரில் ஓர் அமைப்பு வேண்டாமா?

‘இடங்கொடுத்தால் மடம் பிடுங்குவர்’ என்பார் சிலர். சோம்பரை வளர்ப்பதாகும் என்பார் வேறு சிலர். வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமச்சாலை, வந்தவரின் சாதியையோ தகுதியையோ வினவாமலே சோறிட்டு வருகிறது. அதனால் எவ்வூரும் சோம்பலில் மூழ்கிவிடவில்லை. விரும்புவோருக்குத் தார் சுற்றும் வேலையைக் கூலியுடன் தரலாம். சோற்றுக்கு அதை நிபந்தனையாக்கலாகாது. பெயர் சொல்ல விரும்பாதவரிடம் பெயர் கேட்க வேண்டா. வந்தோர் எண்ணிக்கையைக் குறித்தால் கணக்குக்குப் போதும்.

நிற்க. சங்கங்களின் ஏடுகளைப் பார்வையிடும் பணியிலுள்ள நாம் ஓர் எச்சரிக்கையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். அங்கத்தினரின் நெசவுக்கூலி நிலுவையில் இருக்கும் சங்கம் இதனைத் தொடங்கலாகாது. தன் வீட்டில் கடன் வைத்துவிட்டு ஊருக்குச் சோறிடுதல் அறமன்று. இலாபம் ஈட்டிய சங்கம், பொதுநல நிதியிலிருந்து, பேரவையின் தீர்மானத்துடனும் உரிய அனுமதியுடனும் செலவிடலாம். தனித்து இயலாத சங்கங்கள் ஓரூரில் இரண்டு மூன்றாகச் சேரலாம். செலவினம் மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் காணப்படுதல் வேண்டும். ஒருவரது பெருந்தன்மையை நம்பித் தொடங்கும் தருமம் அவரோடு முடியும்; பேரவை ஏற்ற தருமமே நிலைக்கும்.

சமுதாயத்தின்பால் அக்கறை என்பதைக் கூட்டுறவின் ஏழாவது கோட்பாடாக 1995-இல் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் ஏற்றது. நம் முன்னோர் அதனைத் திண்ணை வடிவிலேயே கட்டி வைத்திருந்தனர். வழிப்போக்கர் யாரென்று கேளாமல் இடந்தந்த அத்திண்ணைகள் இன்று கம்பிக்கதவுக்குள் அடைபட்டுவிட்டன. பல சங்கங்களில் பகல் முழுதும் பூட்டிக்கிடக்கும் அறை ஒன்றேனும் உண்டு. வரும் பேரவைக் கூட்டத்தில் அவ்வறையின் திறவுகோலைப் பற்றி அங்கத்தினர் ஒருவரேனும் எழுந்து கேட்பாராக.