மணிக்கணக்கில் சேராத மாதங்கள்

அமெரிக்க விமானத்துறை நிர்வாகமான எஃப்ஏஏ பிறப்பித்து 2024 இறுதியில் அமலுக்கு வந்த ஏடி 2024-21-02 என்ற விமானத் தகுதி ஆணை, லைக்கோமிங் எஞ்சின் வைத்திருப்போரை எண்ணெய் வடிகட்டியின் பக்கம் திருப்பிவிட்டது. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் வடிகட்டியை அறுத்து, மடிப்பை விரித்து, வெண்கலத் துகள் தென்படுகிறதா என்று பார்க்க வேண்டும். தென்பட்டால் கனெக்டிங் ராடின் சிறுமுனை புஷ் வரைக்கும் போக வேண்டும். ராட் முறிந்து, பறக்கும்போதே எஞ்சின் நின்றுபோன சம்பவங்களுக்குப் பின் வந்த ஆணை இது. அமெரிக்காவில் பிறந்ததென்றாலும் மலேசியாவின் 9எம் பதிவுள்ள விமானங்களுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. ஆணையின் நோக்கத்தில் இவ்விதழுக்கு மாறுபாடு எதுவுமில்லை.

பழைய எஞ்சின் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். 1970களில் செய்த எஞ்சின்தானே, நமக்கு எதற்கு இந்த ஆணை என்று கைகழுவிவிட முடியாது. இடையில் நடந்த ஓவர்ஹாலில் புது ராட் ஏறியிருக்கலாம். லாக்புக்கில் 'ராட் மாற்றப்பட்டது' என்ற ஒற்றை வரி போதாது. பாகத்தின் எண்ணும், லைக்கோமிங்கிலிருந்து அது வெளியேறிய தேதியும் வேண்டும்; ஆணை பொருந்துமா என்பது அவற்றைப் பொறுத்ததே. தாள் இல்லை என்றால் பாகம் சந்தேகத்துக்குரியது.

இவ்விதழின் கவலை வேறு. ஆணை நிறைவேற்றப்பட்டது, வடிகட்டி சுத்தம் என்ற குறிப்பு இனி விற்பனைப் பேச்சில் நற்சான்றிதழாகிவிடும். அதோடு வழக்கமான கணக்கும் சேரும்: டிபிஓ (ஓவர்ஹாலுக்கு முன் ஓடக்கூடிய நேரம்) 2,000 மணி, ஓடியது 1,200, மிச்சம் 800. அந்த 1,200 மணி எத்தனை ஆண்டில் ஓடியது, கடைசி ஐந்தாண்டில் எத்தனை மாதம் புரொப்பெல்லர் சுற்றவே இல்லை என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. லைக்கோமிங்கின் சேவை அறிவுறுத்தலான எஸ்ஐ 1009, மணியோடு ஆண்டையும் எண்ணுகிறது: மணி நிறையாவிட்டாலும் 12ஆம் ஆண்டில் ஓவர்ஹால். மாதம் 40 மணிக்குக் குறையாமல் தொடர்ந்து பறக்கும் எஞ்சினுக்கோ கூடுதலாக 200 மணி சலுகை. ஓடாமல் கிடப்பதுதான் எஞ்சினுக்குக் கேடு என்று செய்தவனே ஒப்புக்கொண்ட இடம் அது.

லைக்கோமிங்கின் ஓ-320, ஓ-360 எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட், கிரேங்குக்கு மேலே இருக்கிறது. எஞ்சின் நின்றதும் எண்ணெய் கீழே வடிந்துவிடும். கேம் லோபும் டாப்பெட் முகமும்தான் முதலில் காய்ந்துபோகும். அதன்மேல் ஈரம் படிந்தால் துரு. துருவின் குழியிலிருந்து மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயரும். ஆனால் கிடக்கும்வரை ஒரு செதிலும் வடிகட்டிக்கு வராது. விமானம் கைமாறி, புதியவர் பறக்கத் தொடங்கிய பிறகே வரும். விற்பனை நாளன்று வடிகட்டி பளிச்சென்று இருப்பதில் வியப்பே இல்லை. கம்ப்ரஷன் சோதனையும் கைகொடுக்காது: 80க்கு 76 என்று வால்வும் ரிங்கும் நன்றாகக் காட்டும், கேம் அரித்துக் கிடக்கும்.

அப்படியானால் என்ன செய்வது? ராக்கர் மூடிகளைக் கழற்றி, டயல் கேஜ் வைத்து, ஒவ்வொரு வால்வும் எவ்வளவு தூக்குகிறது என்று ஒப்பிடலாம். ஒன்று மட்டும் குறைந்தால் அந்த லோப் தேய்ந்திருக்கிறது. தேய்மானம் தொடங்காத துருவை இதுவும் காட்டாது. போரோஸ்கோப்பில் சிலிண்டர் சுவரைப் பார்க்கலாம். அங்கே துருப்புள்ளி இருந்தால் மேலே கேம் மட்டும் தப்பியிருக்கும் என்று நம்ப வேண்டாம்; குரோம் சிலிண்டர் என்றால் சுவர் சுத்தமாக இருப்பதும் ஆறுதலாகாது. முடிவாகத் தெரிய ஒரு சிலிண்டரை இறக்கி நேரில் பார்க்க வேண்டும். விற்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

'வாரம் ஒருமுறை தரையில் ஓட்டி வைக்கிறோம்' என்பாரும் உண்டு. அது பராமரிப்பு அல்ல. எரிந்த வாயுவின் நீரை எண்ணெயில் சேர்த்துவிட்டு, அதை விரட்டும் சூடு வருமுன் அணைத்துவிடுகிறார்கள். லைக்கோமிங் கேட்பது 30 நாளுக்குள் ஒருமுறை, எண்ணெய் 74 முதல் 93 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க, தொடர்ந்து ஒரு மணி நேரப் பறப்பு. புரொப்பெல்லரைக் கையால் சுற்றி வைப்பதையும் அது ஏற்கவில்லை. ஒட்டியிருக்கும் கொஞ்ச எண்ணெயையும் அது வழித்துவிடும்.

இங்கேதான் குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. லைக்கோமிங்கின் பட்டறை பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் இருக்கிறது. இடம், சேமிப்பு நிலை பார்த்து 30 நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த ஊர்க்காரர்களே எழுதியிருக்கிறார்கள். நம் ஆயர் தாவாரில் பால்மரக் காலத்திலும் செம்பனைக் காலத்திலும் விடியற்காலைத் தகரக் கூரை சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பக்கத்துச் சித்தியவான் ஓடுதளத்துக்கு லுமுட் கடற்காற்றும் தூரமில்லை. இந்தக் காற்றில் 30 நாள் என்பது எத்தனை நாள்? அதைச் சொல்ல வேண்டியவர்கள் யார்?

ஆஸ்திரேலியா, டிபிஓ தாண்டிய பிஸ்டன் எஞ்சின்களுக்கென்று தன் பெயரிலேயே ஏடி/எஞ்/4 என்ற ஆணையை எழுதிக்கொண்டது. நம் பக்கத்திலோ நிறுவனம் மாறுகிறது, பலகை மாறுகிறது. 2018இல் சிவில் விமானப் போக்குவரத்து இலாகா போய் ஆணையம் வந்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல், விமானத் துறையின் வணிக ஒழுங்கைக் கவனித்த மாவ்கோமின் பொறுப்பும் அதோடு சேர்ந்தது. 2019இல் எஃப்ஏஏ மலேசியாவை இரண்டாம் வகைக்கு இறக்கியபோது பதறிய பதற்றமும், 2022இல் மீண்டபோது விட்ட பெருமூச்சும் பெரிய விமானங்களைச் சுற்றியே இருந்தன. நான்கு சிலிண்டர் எஞ்சினின் ஈரத்தைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. வெண்கலத் துகளைத் தேடச் சொல்லும் ஆணை கட்டாயம். கடைசியாக எண்ணெய் எப்போது சூடானது என்பது பரிந்துரை. பரிந்துரையைக் கட்டாயமாக்க லாக்புக்கில் ஒரு பத்தி போதும்: இரண்டு பறப்புக்கு இடையே கிடந்த நாள்கள்.

அந்தப் பத்தி வரும்வரை, வாங்குமுன் எழுதும் அறிக்கையில் வாசகர்களே அதைச் சேர்க்கலாம். பறப்புத் தேதிகளை வரிசையாக எடுத்து, 30 நாளுக்கு மேற்பட்ட இடைவெளிகளையும், அப்போது எஞ்சினுக்குப் பதப்படுத்தும் எண்ணெய் போட்டதற்குச் சான்று உண்டா என்பதையும் குறியுங்கள். சான்று இல்லாமல், சிலிண்டரை இறக்கவும் விற்பவர் மறுத்தால், மிச்சம் 800 மணி என்ற பேச்சை விட்டுவிட்டு, ஓவர்ஹாலுக்குப் போகவேண்டிய எஞ்சினுக்குரிய விலையைச் சொல்லுங்கள்.