தாத்தாவுக்குக் காது கேட்கிறதா?

“பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காது. காபி என்றால் மட்டும் கேட்கும்!”

காது மந்தமான பெரியவர்களைப் பற்றி வீட்டில் இப்படிக் கேலி பேசுவது உண்டு. அவரும் கூடச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் வருத்தம் நமக்குத் தெரிவதில்லை.

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே சில சொற்கள் அவருக்குக் கேட்கின்றன. சில சொற்கள் கேட்பதில்லை.

வயது ஏறும்போது, கீச்சென்ற மெல்லிய ஒலிகளைக் கேட்கும் சக்திதான் பெரும்பாலும் முதலில் குறைகிறது. ‘ஆ’, ‘ஓ’ போன்ற ஒலிகள் பலமானவை. அவை காதில் விழுந்துவிடும். ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற எழுத்துகளின் ஒலி மெலிந்தது. அது நழுவிவிடும். ஆகவே, யாரோ பேசுவது கேட்கும். என்ன பேசுகிறார் என்பது விளங்காது!

அமைதியான அறையில் எதிரே உட்கார்ந்து பேசினால் புரியும். மிக்சி ஓடும்போது, முதுகுப் பக்கம் நின்று பேசினால் புரியாது.

உலகம் முழுவதும் 150 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் காது குறை இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ம் ஆண்டில் கூறியது. இவர்களில் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ கருவியோ தேவை. இது ஒரு வீட்டின் தொல்லை அல்ல. ஊர் உலகத்தின் தொல்லை.

சோதனை சொல்லாதது

டாக்டரிடம் போனால் காதைச் சோதிக்கிறார்கள். சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, காதில் ஒலிக் கருவியை மாட்டுகிறார்கள். ‘பீப்’ என்ற ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். எந்த ஒலி எவ்வளவு பலமாக இருந்தால் கேட்கிறது என்பதை ‘டெசிபல்’ கணக்கில் படமாக வரைகிறார்கள்.

இந்தச் சோதனை மிகவும் அவசியம். ஆனால், அது காதை அளக்கிறது. மனிதரை அளப்பதில்லை!

இரண்டு பெரியவர்களுக்கு ஒரே அளவு குறை என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தோட்டம், செடி, கொடி என்று தனியே பொழுதைப் போக்குகிறவர். “எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்” என்பார். மற்றவர் நாலு பேருடன் கூடிப் பேசிச் சிரிக்கிறவர். “என் வாழ்க்கையே போய்விட்டது” என்று கலங்குவார். படம் ஒன்றுதான். பாடு வேறு!

இரண்டு மேதைகள்

இசை மேதை பீத்தோவனுக்கு முப்பது வயது ஆகும் முன்பே காது மந்தமாகத் தொடங்கியது. 1802-ம் ஆண்டில், வியன்னா நகருக்கு அருகே தங்கியிருந்தபோது, தம் தம்பிமாருக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘உரக்கப் பேசுங்கள்’ என்று பிறரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அதனால் மனிதர்களை விட்டு ஒதுங்குகிறேன் என்று அதில் மனம் நொந்திருந்தார். அந்தக் கடிதத்தை அவர் அனுப்பவே இல்லை. அவர் இறந்த பிறகுதான் கிடைத்தது.

கிராமபோனுக்கு முன்னோடியான பேசும் இயந்திரத்தை 1877-ல் கண்டுபிடித்த எடிசனுக்கும் சிறு வயதிலேயே காது மந்தம். அவரோ, வீண் சத்தம் காதில் விழாததால் நிம்மதியாகச் சிந்திக்க முடிகிறது என்று சொன்னவர்!

ஒருவருக்கு இசையே உயிர். மற்றவருக்குச் சிந்தனையே வேலை. இருவருக்கும் காது குறைதான். ஆனால் ஒருவருக்கு அது இடி. மற்றவருக்கு அது திரை.

ஆராய்ச்சி சொல்வது

அமெரிக்காவில் பீவர் டாம் என்ற ஊரில் முதியவர்களின் காதுகளைச் சோதித்து, அவர்களுடைய கஷ்டங்களையும் கேட்டறிந்தார்கள். குறை ஒரே அளவாக இருந்தாலும், வயது கூடியவர்கள் கஷ்டத்தைக் குறைத்தே சொன்னார்கள். ‘வயதானால் இப்படித்தான்’ என்று மனத்தைத் தேற்றிக்கொள்வது மனித இயல்பு அல்லவா?

குணமும் இதில் சேருகிறது. கலகலப்பாகப் பழகுகிறவர்கள், காது மிஷினால் நல்ல பலன் கிடைத்தது என்று அதிகமாகச் சொல்கிறார்கள். கவலைப்படும் குணம் உள்ளவர்களுக்குச் சிறு குறையும் பெரிய பாரமாகத் தெரிகிறது. அதற்காக அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கக் கூடாது. பாரம் சுமக்கிறவருக்குத்தான் அதன் கனம் தெரியும்.

இதை உணர்ந்துதான் வென்ட்ரி, வைன்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்க நிபுணர்கள் 1982-ல் முதியவர்களுக்காக 25 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார்கள். பிறகு அதை 10 கேள்விகளாகச் சுருக்கினார்கள். புதியவர்களைச் சந்திக்கக் கூச்சமா? வீட்டாரோடு சண்டை வருகிறதா? இந்த மாதிரிக் கேள்விகள். ‘ஆம்’ என்றால் 4 மார்க். ‘சில சமயம்’ என்றால் 2 மார்க். ‘இல்லை’ என்றால் சைபர். மொத்தம் 10 மார்க்கோ அதற்கு மேலோ வந்தால், காதைச் சோதித்துக்கொள்வது நல்லது.

டிராயரில் தூங்கும் மிஷின்

பணத்தைக் கொட்டி மகன் காது மிஷின் வாங்கிக் கொடுக்கிறார். அப்பா நாலு நாள் மாட்டுகிறார். பிறகு அது மேஜை டிராயரில் தூங்குகிறது. “இவருக்கு எது செய்தாலும் பிடிக்காது” என்று மகனுக்குக் கோபம்.

கோபம் வேண்டாம். பல ஆண்டுகளாகக் கேட்காத மின்விசிறிச் சத்தமும் பாத்திரச் சத்தமும் திடீரென்று காதில் வந்து மோதுகின்றன. அவை பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். மிஷினின் ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம். அதற்கு, “எங்கே கேட்கவில்லை? எது தொந்தரவாக இருக்கிறது?” என்பதை அவர் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை நாம் கேட்க வேண்டும்!

ஆகவே, வீட்டில் உள்ளவர்கள் சில காரியங்களைச் செய்யலாம்.

முகத்துக்கு எதிரே வந்து பேசுங்கள். கத்த வேண்டாம், நிறுத்தி, தெளிவாகப் பேசுங்கள். டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேசுங்கள். “ஒன்றுமில்லை, விடுங்கள்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல் அவரை வீட்டிலேயே அந்நியராக்கிவிடும்.

‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று பெரியவர் சொன்னாலும் ஒரு முறை சோதனைக்கு அழைத்துப் போங்கள். ‘சோதனையில் பெரிய குறை இல்லை’ என்று வந்தாலும், ‘கூட்டத்தில் விளங்கவில்லை’ என்று அவர் சொன்னால் அதை நம்புங்கள். திடீரென்று ஒரே நாளில் காது அடைத்துப் போனால், தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடி போட நாம் வெட்கப்படுவதில்லை. காது மிஷின் மாட்டவும் வெட்கம் வேண்டாம். கஷ்டத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

காது குறைந்தவருக்கு மிஷின் வேண்டும். அதைவிட முக்கியமாக, அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வீட்டில் ஒருவர் வேண்டும்.