பசுவும் அதன் புல்லும்

நம் சங்கத்து அன்பர்களுள் பலருக்குச் சொந்த ஊரில் இன்னும் இரண்டொரு ஏக்கர் நிலம் இருக்கிறது. தமையனாரோ சிற்றப்பாவோ அதைப் பார்த்துக்கொள்கிறார். பங்குனி, சித்திரை மாதங்களில் அவரிடமிருந்து வரும் செய்தி பெரும்பாலும் ஒன்றே: ஆழ்துளைக் கிணற்றில் நீர் இறங்கிவிட்டது, இன்னும் இருநூறு அடி தோண்ட வேண்டும், பணம் அனுப்புக என்பது. அனுப்புவதா, அன்றி நிலத்தை விற்றுவிடுவதா என்று நம்மைக் கேட்போர் பலர். நாம் வேளாண்மை கற்றவரல்லோம். இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதி வாழ்கிறவர். ஆயினும் சிறு உழவரின் வருவாயைப் பெருக்க இந்நாட்டில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்யப்பட்ட முயற்சிகளைப் படித்துப் பார்க்குமிடத்து, இக்கேள்விக்கு ஒருவாறு விடை அவற்றிலேயே கிடக்கக் காண்கிறோம்.

2015-16ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடி நில உடைமைகளுள் நூற்றுக்கு 86 பங்கு, 2 ஹெக்டேருக்கு, அதாவது ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவை. சராசரி உடைமை 1.08 ஹெக்டேரே. இத்துணைச் சிறு நிலத்தில் ஒரு குடும்பம் பிழைக்க வேண்டுமாயின் நெல்லோ சோளமோ மட்டும் போதாது. ஆடு மாடும், கைத்தொழிலும், விளைந்ததை உரிய விலைக்கு விற்கும் வழியும் சேர வேண்டும் என்பதை அரசாங்கத்தாரும் அறியாமலில்லை. 1952 அக்டோபர் 2 அன்று சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் நன்மை பெரும்பாலும் வசதியுடையவர்க்கே போய்ச் சேர்ந்தது என்ற குறை எழவே, 1970களின் தொடக்கத்தில் சிறு விவசாயிகளுக்கெனத் தனி முகமைகள் ஏற்பட்டன. பின்னர் 1978-79இல் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் பிறந்து, 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிந்தது.

பெயர் அழகிய பெயர். ஏழைக் குடும்பத்துக்கு வருவாய் தரும் பொருளொன்றை வாங்கிக் கொடுப்பது, அதன் விலையில் சிறு உழவருக்குக் காற்பங்கும், குறு உழவருக்கும் கூலியாளருக்கும் மூன்றிலொரு பங்கும், பழங்குடியினருக்குப் பாதியும் மானியமாக அளித்து எஞ்சியதை வங்கிக் கடனாக்குவது என்பது ஏற்பாடு. ஒருங்கிணைப்பு ஏட்டில் இருந்தது. வீட்டு வாயிலில் வந்து நின்றதோ பல இடங்களில் ஒரு பசு அல்லது ஓர் எருமை. அப்பசுவுக்குப் புல் எங்கே? மேய்ச்சற் புறம்போக்கு மொட்டையாய்க் கிடந்தது. கோடையில் வைக்கோலை விலைக்கு வாங்கினால் பாலின் விலை அதற்கே சரியாய்ப் போயிற்று. மாட்டு மருத்துவர் பல கல் தொலைவில் இருந்தார். நாள்தோறும் பாலைப் பெற்றுக்கொள்வாரும் எல்லா ஊரிலும் இல்லை. பலர் ஓராண்டு ஈராண்டில் பசுவை விற்றனர். கடன் மட்டும் விற்க முடியாத பொருளாய் நின்றது. ஒரே மாட்டைப் பல பெயரில் காட்டி மானியம் பெற்ற கதைகளும் அக்காலத்தில் மிகுதி. 1999இல் அத்திட்டம் வேறொரு திட்டத்துள் அடங்கி மறைந்தது.

பசுவின்மேல் குற்றமில்லை. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1946இல் தொடங்கிய பால் கூட்டுறவுச் சங்கம், இரண்டே மாடு வைத்திருந்தவரையும் கைதூக்கிவிட்டதை உலகமறியும். அங்கே பசுவுக்கு முன்பே பாலுக்கு வழி அமைந்தது. காலையும் மாலையும் பால் அளக்கப்பட்டது. கொழுப்புக் கணக்குப்படி பணம் கிடைத்தது. தீவனமும் மருத்துவமும் சங்கத்தின் மூலமே வந்தன. அதே பசுவைத் தனியாகக் கொணர்ந்து வறண்ட ஊரில் கட்டினால் அது உழவனுக்கு இன்னொரு வாய், அவ்வளவே.

இதன் மறுபக்கத்தைக் காண, நம் மகாராஷ்டிரத்து அன்பர்களுக்கு நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. தௌண்டிலிருந்து மன்மாடு செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது, 2024இல் அஹில்யாநகர் எனப் பெயர் மாற்றம் பெற்ற அகமதுநகர். அதனருகே குன்றுகள் சூழ்ந்த சிற்றூர் ஹிவரே பஜார். பரப்பு ஏறக்குறைய ஆயிரம் ஹெக்டேர். ஆண்டு மழை பெரும்பாலும் 400 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. நாம் இராமநாதபுரத்தை வறண்ட சீமை என்கிறோம். அங்கே பெய்வதில் பாதியும் இங்கே பெய்யாது. 1972ஆம் ஆண்டின் பெரும் பஞ்சத்துக்குப் பின் அவ்வூர் சீர்குலைந்தது. குன்றுகளின் மரங்கள் அடுப்புக்குப் போயின. மழைநீர் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடியது. மக்கள் புணேக்கும் மும்பைக்கும் கூலி தேடிப் போயினர். எஞ்சியோர்க்குச் சாராயம் காய்ச்சுவது தொழிலாயிற்று. 22 இடங்களில் காய்ச்சினர் என்பர். அரசு ஊழியர்களை அவ்வூருக்கு மாற்றுவது தண்டனையாகவே கருதப்பட்டதாம். (இருப்புப்பாதையிலும் அத்தகைய நிலையங்கள் உண்டு, பெயர் கூறமாட்டோம்.)

1989இல் ஊர் இளைஞர் சிலர், தம்முள் பட்டமேற்படிப்பு முடித்திருந்த ஒரே ஒருவரான போபட்ராவ் பவாரை ஊராட்சித் தலைவராக நிற்கச் செய்தனர். அவர் முதலில் தொட்டது நீரையன்று, பள்ளிக்கூடத்தை. ஊரார் கூடி அதைச் செப்பனிட்ட பின்னரே ஒருவரையொருவர் நம்பத் தொடங்கினர். அடுத்துச் சாராய அடுப்புகள் அணைந்தன. 1990களின் இடைப்பகுதியில், மாநில அரசின் மாதிரிக் கிராமத் திட்டத்தையும் வேலை உறுதித் திட்டத்தையும் கொண்டு குன்றுச் சரிவுகளில் வரிசை வரிசையாய்ச் சமமட்டக் குழிகள் வெட்டினர். அவை ஏறக்குறைய 40,000. ஓடைகளில் தடுப்பணைகள் எழுந்தன. கசிவுக் குட்டைகள் அமைந்தன. பணமும் கூலியும் அரசாங்கத்தினுடையவை. உடலுழைப்பின் ஒரு பங்கை ஊரார் இலவசமாய்த் தந்தனர்.

இதுவரை கூறியது போன்றதைப் பல ஊர்களிற் காணலாம். ஹிவரே பஜாரை வேறாக்கியது அடுத்து வந்த கட்டுப்பாடே. மரம் வெட்டலாகாது. குன்றில் மாட்டை அவிழ்த்துவிடலாகாது. புல்லை அறுத்துச் சுமந்துவந்து கொட்டிலில் போட வேண்டும். கரும்பும் வாழையும் பயிரிடலாகாது. எல்லாவற்றினும் கடுமையானது, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டலாகாது என்பது. திறந்த கிணறு தன் சுற்றுவட்டத்து ஊற்றை நம்பியிருப்பது. மழை பெய்தால் மேலேறும், வறண்டால் கீழிறங்கும், அதன் உடைமையாளனுக்குக் கண்ணெதிரே கணக்குக் காட்டும். ஆழ்துளைக் கிணறோ அயலான் கிணற்றின் அடியில் புகுந்து பல ஆண்டு மழையைச் சில கோடையில் உறிஞ்சிவிடும். ஒருவன் முந்நூறு அடி போனால் அடுத்தவன் ஐந்நூறு போவான். முடிவில் பணமுள்ளவனிடம் நீரும், இல்லாதவனிடம் கடனும் நிற்கும். இவ்வோட்டத்தை அவ்வூரார் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டனர்.

2004 முதல் அங்கே நீருக்கு வரவு செலவுத் திட்டம் போடுகின்றனர். மழைமானியில் அளந்து, கிணறுகளின் நீர்மட்டத்தைப் பார்த்து, நிலத்தடியில் எவ்வளவு சேர்ந்தது என்று கணக்கிட்டு, ஊர்க் கூட்டத்தில் பலர் முன்னிலையில் வாசிக்கின்றனர். குடிநீருக்கும் கால்நடைக்கும் முதலில் ஒதுக்கியபின் எஞ்சியதைக் கொண்டே என்ன பயிரிடுவது என்று முடிவு செய்கின்றனர். மழை குறைந்த ஆண்டில் மிகுநீர் வேண்டும் பயிரைக் கைவிட வேண்டும். கணக்கெழுதும் தொழிலில் இருப்பவரென்ற முறையில் இச்செயல் நம்மைப் பெரிதும் கவர்ந்தது. இருப்பு இவ்வளவு, ஆகவே செலவு இவ்வளவு என்பதை எந்தச் சிறு கடைக்காரரும் அறிவார். நிலத்தடி நீரில் மட்டும் இருப்பைப் பாராமலே செலவெழுதி வருகிறோம்.

விளைவென்ன? 1990களின் இடையில் 90 ஆக இருந்த கிணறுகள் 2010 வாக்கில் 294 ஆயின. குன்றில் புல் செழித்தது; புல் வந்தபின் மாடு வந்தது; நாளொன்றுக்கு 150 லிட்டர் அளவிலிருந்த பால் 4,000 லிட்டர் வரை உயர்ந்தது. வெங்காயமும் காய்கறியும் சந்தைக்குப் போயின. பாற்பணம் தவணைதோறும் வீட்டுக்கு வருவதால், அறுவடையன்றே வந்த விலைக்கு விளைச்சலைத் தள்ளிவிட வேண்டிய நெருக்கடி தளர்ந்தது. சிறு உழவனுக்கு இது விளைச்சல் கூடியதற்கு ஒப்பான ஊதியம் என்பது நம் கருத்து. 1995இல் 182 குடும்பங்களுள் 168 வறுமைக் கோட்டின்கீழ் இருந்தன. 2010 அளவில் அவை மூன்றே என்று ஊர்க் கணக்குக் கூறிற்று. கூலிக்குப் போன குடும்பங்களுட் பல திரும்பிவந்தன. நிலத்தை வெளியாருக்கு விற்கலாகாது என்ற முடிவையும் ஊரார் எடுத்துக்கொண்டனர். பவாருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இனி, மறுப்புரைகளையும் கேட்க வேண்டும். ஹிவரே பஜார் சிறிய ஊர். சுற்றிலும் குன்றிருப்பதால் அங்கே விழும் மழையும் ஊரெல்லையும் ஏறக்குறைய ஒன்றாய் அமைந்தன. நல்ல தலைவரொருவர் முப்பது ஆண்டுகள் அகலாது நின்றார். இம்மூன்றும் எங்கும் ஒருங்கே வாய்ப்பதன்று. அன்றியும் நீர் பெருகினால் பயன் நிலத்தின் அளவுக்கேற்பவே பெருகும். பத்து ஏக்கர்க்காரர் பெறுவதை ஓர் ஏக்கர்க்காரர் பெறார். நிலமற்றவருக்குக் கூலியும், குன்றின் புல்லும், ஒரு மாடும்தான் பங்கு. இக்குறைக்கு விடை தேடியது ஹரியானாவில் சண்டிகருக்கு அருகிலுள்ள சுகோமாஜ்ரி என்ற ஊர். சண்டிகரின் சுக்னா ஏரி தூர்ந்துவருவதன் காரணத்தைத் தேடிச் சென்ற மண்வள அறிஞர் பி. ஆர். மிஸ்ரா, மேலே உள்ள குன்றில் அவ்வூர் ஆடுமாடு மேய்வதே காரணமெனக் கண்டு, 1970களில் அங்கே சிறு அணைகள் கட்டுவித்தார். அணை நீரில் நிலமுள்ளவர், நிலமற்றவர் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு என்று பின்னர் வகுத்தனர். நிலமில்லாதவர் தம் பங்கை மற்றவருக்கு விற்கலாம். நீரில் தமக்கும் பங்குண்டென்று ஆனதும், குன்றைக் காக்கும் வேலையை எல்லா வீட்டாரும் தாமே ஏற்றனர். குன்றில் வளர்ந்த பப்பர் புல் காகித ஆலைக்கு விலையாயிற்று.

நம் ஊர்களின் நிலை வேறு. தமிழ்நாட்டில் குன்று தேட வேண்டுவதில்லை. ஏறக்குறைய 39,000 ஏரிகளும் குளங்களும் கண்மாய்களும் முன்னோர் வெட்டியவையாகவே உள்ளன. மழையும் ஹிவரே பஜாரைவிட இரு மடங்குக்கு மேல். கெட்டிருப்பது வரத்துக்கால், அடைத்துக்கொண்டிருப்பது சீமைக் கருவேலம், அற்றுப்போனது, மடையைத் திறக்கவும் மூடவும் ஊர் கூடிப் பேசும் வழக்கம். ஆழ்துளைக் கிணறு வந்தபின் கண்மாய் யாருக்கும் வேண்டாத பொருளாயிற்று. வேளாண்மைக்கு மின்சாரம் விலையின்றிக் கிடைப்பதால் மோட்டார் ஓடும் நேரத்தையும் எவரும் எண்ணுவதில்லை. இங்கேதான், அன்பர்கள் பொறுத்தருள வேண்டும், நம்முடைய பங்கு வருகிறது. ஊரில் உள்ளவர் தம் வருவாயைக் கொண்டு இத்தனை அடி ஆழம் போயிருக்க மாட்டார். வெளியூரில் வேலை பார்க்கும் தம்பியும் மைத்துனரும் அனுப்பிய பணமே பல ஊர்களில் துளைக் கருவியை ஓட்டுகிறது. அண்ணனுக்கு உதவுவதாக எண்ணி அனுப்புகிறோம். அப்பணத்தால் வற்றுவது பணம் அனுப்ப ஆளில்லாத அயல்வீட்டாரின் கிணறு. மூன்றாம் ஆண்டில் அண்ணன் மீண்டும் எழுதுகிறார்.

ஆகவே கேட்ட அன்பர்களுக்கு நாம் கூறக்கூடியது இது: குடிநீருக்கென்றால் யோசிக்க வேண்டாம், அனுப்புங்கள். பாசனத்துக்கென்றால், அண்ணனுக்கு மறுமொழி எழுதுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். ஊர்க் கண்மாயின் வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது? பக்கத்து நான்கு கிணறுகள் எவ்வளவு ஆழம்? இவ்வாண்டு நெல்லுக்கு மாறாக உளுந்தோ கம்போ போட்டால் நட்டம் எவ்வளவு? கண்மாய் வேலைக்கு உங்கள் பங்காக அதே தொகையில் பாதி தந்தால் இன்னும் எத்தனை பேர் தம் பாதியைத் தருவர்? கடைசிக் கேள்விக்கு விடை பெரும்பாலும் நன்றாயிராது. கேட்டுக்கொண்டேயிருங்கள்.

இதைக் கேட்க முறையான இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் அது சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. அவ்வூர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளோரே அதன் உறுப்பினர். நம்முள் பலர் பெயரை இவ்விடத்துக்கு மாற்றிக்கொண்டுவிட்டோம். ஆதலின் தீர்மானம் கொண்டுவர வேண்டியவர் அண்ணியாரோ அண்ணனோதான். அண்ணியார் எழுந்து பேசினால் இன்னும் நன்று. கோடையில் குடத்தோடு நடப்பவர் அவரே. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையாதலால் மே 1 கூட்டம் நமக்கு ஏற்றது. இருப்புப்பாதையில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்தான் திறக்கிறது. ஏப்ரல் 29 அன்று புறப்பட எண்ணுவோர் பிப்ரவரி 28 காலை எட்டு மணிக்கே சாளரத்துக்கு வந்துவிடுக. கோடைக்காலத் தென்னகத்து வண்டிகளில் எட்டரை மணிக்குக் காத்திருப்போர் பட்டியல்தான் மிஞ்சும்.